நூறு ஆண்டு தாங்கும் கடிதப் பெட்டி
உப்புக் காற்றை வெல்வது எப்படி?

இன்னும் பிறக்காத கொள்ளுப் பேரனுக்கு இன்றைக்கே ஒரு கடிதம் எழுதி வைக்க முடியுமா? எழுதுவது சுலபம். ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும். அதை அவன் கையில் கொண்டு போய்ச் சேர்க்கும் தபால்காரர் யார்? அதுதான் கேள்வி.

அந்தத் தபால்காரர் ஒரு பெட்டி. நடக்காத, பேசாத பெட்டி. ஐம்பது ஆண்டோ நூறு ஆண்டோ இருந்த இடத்திலேயே இருந்து, வாங்கிக் கொண்டதை வாங்கியபடி திருப்பித் தர வேண்டும். இப்படிப்பட்ட பெட்டிகளை உலகில் பலர் செய்து பார்த்திருக்கிறார்கள். சிலர் வென்றார்கள். பலர் தோற்றார்கள்.

அப்படி ஒரு பெட்டியைச் செய்து சோதித்துப் பார்க்க வேண்டுமானால் அதற்கு ஏற்ற ஊர் அனுமந்தை. அங்கே தாங்கும் பெட்டி எங்கேயும் தாங்கும்!

உப்பு செய்யும் சேட்டை

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது அனுமந்தை. விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். ஒரு பக்கம் வங்கக் கடல். வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். பக்கத்திலே கழுவெளிச் சதுப்பு நிலம். இந்தக் காற்றில் இரும்பு இரும்பாக இருப்பதில்லை. சன்னல் கம்பி, கதவுக் கீல், சைக்கிள் செயின் எல்லாம் துரு ஏறி உதிர்கின்றன.

காகிதத்தின் கதி என்ன? மழை நாளில் சமையலறை உப்பு கசிவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கொள்ளும். கடல் நீரில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் பேராசை பிடித்தது. சுமார் 33 சதவீத ஈரத்திலேயே அது குடிக்கத் தொடங்கிவிடும். கடற்காற்றோடு வந்து தாளின் மேல் படியும் தூசியில் இந்த இரண்டும் உண்டு. அப்புறம் மழையில் நனைய வேண்டியதே இல்லை. அலமாரிக்குள் இருந்தபடியே கடிதம் ஈரமாகும். பிறகு பூஞ்சைக் காளான் வரும். அதன் பின்னால் பூச்சி வரும்.

இது போதாதென்று கடலும் புயலும் வேறு. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை. 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி "தானே" புயல். 2020-ம் ஆண்டு நவம்பரில் "நிவர்" புயல். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் பாத்திரத்தைக் கழுவிக் கொள்ளலாம். துணியை உலர்த்திக் கொள்ளலாம். நனைந்து கூழான கடிதத்தை என்ன செய்வது?

மண்ணுக்கடியில் ஒரு செப்பேடு

இதே விழுப்புரம் மாவட்டத்தில் எசாலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1987-ம் ஆண்டு அங்குள்ள கோயில் திருப்பணியின்போது பூமிக்கடியிலிருந்து வெண்கலச் சிலைகள் கிடைத்தன. அவற்றுடன் 15 ஏடுகள் கொண்ட செப்பேட்டுத் தொகுதி ஒன்றும் கிடைத்தது. முதலாம் ராஜேந்திர சோழன் கோயிலுக்கு விட்ட தானத்தைச் சொல்லும் சாசனம் அது. எழுதி 900 ஆண்டுக்கு மேல் ஆகியும் படிக்க முடிந்தது.

அதன் அமைப்பைப் பாருங்கள். ஏடுகளில் துளை போட்டு ஒரே வளையத்தில் கோத்திருக்கிறார்கள். வளையத்தில் சோழ முத்திரை. நடுவில் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ நினைத்தால் வளையத்தை உடைத்தாக வேண்டும். பெட்டியும் பூட்டும் இல்லாமலே பெட்டியின் வேலை, பூட்டின் வேலை இரண்டும் நடந்துவிடுகின்றன!

ஆனால் செம்பை அப்படியே நம்பிவிட முடியாது. உப்பு மண்ணில் கிடந்தால் செம்பையும் வெண்கலத்தையும் குளோரைடு அரித்துப் பச்சைப் பொடியாக்கும். எசாலம் உள்நாட்டு ஊர். அனுமந்தை கடலோரம்.

கார் துருப்பிடித்தது, கடிதம் பிழைத்தது

அமெரிக்காவில் டல்சா என்ற நகரத்தில் 1957-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி ஒரு புத்தம் புதிய "பிளிமத்" காரைப் புதைத்தார்கள். 50 ஆண்டு கழித்து எடுப்பதாகத் திட்டம். அணுகுண்டு விழுந்தாலும் அசையாது என்று சொல்லி, கான்கிரீட் அறை கட்டி அதற்குள்ளே காரை இறக்கினார்கள். 2007-ம் ஆண்டு திறந்தபோது அந்த அறைக்குள் தண்ணீர் நின்றது. கார் துருப்பிடித்த கூடாகக் கிடந்தது.

வேடிக்கை என்னவென்றால், காரோடு வைத்திருந்த ஒரு சிறிய எஃகுக் குழாய் பிழைத்துக் கொண்டது. மூடியைப் பற்றவைத்து அடைத்த குழாய் அது. அதற்குள் இருந்த கடிதங்களும் கொடியும் நனையவில்லை. பெரிய அறை தோற்றது. சிறிய குழாய் ஜெயித்தது. இடுக்கு எத்தனை குறைவோ அத்தனைக்கு நல்லது என்பதே இதில் கிடைக்கும் பாடம்.

இதற்கு முன்பே, 1938-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி, நியூயார்க் உலகக் கண்காட்சி மைதானத்தில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியார் ஒரு பேழையைப் புதைத்தார்கள். செம்பு, குரோமியம், வெள்ளி கலந்த உலோகம். ஏழரை அடி நீளம். 800 பவுண்டு எடை. உள்ளே கண்ணாடிக் குழாய். காற்றை வெளியேற்றி நைட்ரஜன் வாயுவை நிரப்பினார்கள். 50 அடி ஆழத்தில் இறக்கினார்கள். விஞ்ஞானிகள் ஐன்ஸ்டீன், மில்லிகன், எழுத்தாளர் தாமஸ் மான் ஆகிய மூவரும் எதிர்கால மக்களுக்கு எழுதிய செய்திகள் அதில் உள்ளன. 5,000 ஆண்டு கழித்து, 6939-ல் திறக்க வேண்டும்!

அவர்கள் செய்த இன்னொரு காரியம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. பேழை எங்கே இருக்கிறது, எப்படித் தேடுவது என்று ஒரு புத்தகம் அச்சிட்டு, உலகத்து நூலகங்களுக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பிவைத்தார்கள். பெட்டி பூமிக்குள்ளே, விலாசம் மனிதர்கள் கையிலே.

மனிதன் செய்யும் சேதம்

உப்பும் ஈரமும் மட்டும்தானா எதிரிகள்? இல்லை. மனிதனும் உண்டு.

1973-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி டெல்லி செங்கோட்டையில் பிரதமர் இந்திரா காந்தி ஒரு காலப் பேழையைப் புதைத்தார். சுதந்திர இந்தியாவின் சரித்திரம் அதில் இருந்தது. அதை எழுதும் பொறுப்பு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிச் சரித்திரப் பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமிக்குக் கிடைத்தது. ஒரு குடும்பத்தின் புகழையே பாடுகிறது என்று சச்சரவு எழுந்தது. ஆட்சி மாறியது. பல நூற்றாண்டு கழித்துத் திறக்க வேண்டியதை, நாலே ஆண்டில், 1977-ம் ஆண்டு டிசம்பரில் தோண்டி எடுத்துவிட்டார்கள். பேழையில் குற்றமில்லை. காத்திருக்கத்தான் பொறுமை இல்லை.

சிலர் அவசரப்படுகிறார்கள் என்றால், பலர் மறந்தே போகிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் 1939-ம் ஆண்டு ஒரு பேழையை வைத்து, அதன் மேல் 18 டன் எடையுள்ள காந்தத்தைக் கட்டினார்கள். 50 ஆண்டு கழித்துத் திறப்பதாக ஏற்பாடு. காந்தத்தை நகர்த்துவது எப்படி என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை!

அனுமந்தைக்குத் தெற்கே ஆரோவில் இருக்கிறது. அதன் தொடக்க விழா 1968-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி நடந்தது. 124 நாடுகளிலிருந்து கொண்டு வந்த கைப்பிடி மண்ணைத் தாமரை மொட்டு வடிவமுள்ள ஒரு தாழிக்குள் போட்டார்கள். அன்னை தம் கையால் எழுதிய ஆரோவில் சாசனத்தையும் உள்ளே வைத்து மூடினார்கள். அந்தத் தாழியைப் புதைக்கவில்லை. திறந்தவெளி அரங்கின் நடுவிலே, எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தினார்கள். கண்ணில் படுவதை யாரும் மறப்பதில்லை.

மாதிரிப் பெட்டி

இத்தனையும் தெரிந்த பிறகு, அனுமந்தையில் ஒரு குடும்பமோ பள்ளிக்கூடமோ கடிதப் பெட்டி செய்ய முனைந்தால் எப்படிச் செய்யலாம்?

முதலில் தாள். மட்டமான மரக்கூழ்த் தாள் தன் புளிப்பினாலேயே பழுத்து ஒடியும். பருத்தித் துணியிலிருந்து செய்த கைக்காகிதம் நெடுநாள் நிற்கும். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் 1959-ம் ஆண்டிலேயே கைக்காகிதத் தொழில் தொடங்கிவிட்டது. ஆகவே நல்ல தாளுக்குத் தூரம் போக வேண்டாம். எழுதுவதற்குப் பென்சில் நல்லது. கரி மையும் நல்லது. கரி வெளுக்காது, நீரில் கரையாது. பால்பாயிண்ட் பேனாவை நம்ப வேண்டாம். "லாமினேட்" செய்யவும் வேண்டாம். பிளாஸ்டிக்குக்குள் சிக்கிய தாளைப் பிறகு யாராலும் மீட்க முடியாது.

அடுத்து பெட்டியின் அளவு. பெட்டியை வாங்கிவிட்டுக் கடிதத்தை மடக்கித் திணிக்கக் கூடாது. கடிதங்களை அடுக்கி, அந்த அளவுக்கு முதலில் அட்டையில் ஒரு பெட்டி செய்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது மாதிரிக்குச் சமையலறை எவர்சில்வர் சம்புடம் போதும். இது தோற்றுப் போகும். தோற்கட்டும், அதிலேதான் பாடம் இருக்கிறது. பகல் வெயிலில் சம்புடத்துக் காற்று விரிந்து மூடி இடுக்கு வழியே வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். பெட்டி மூச்சு விடுகிறது! அந்த மூச்சை நிறுத்துவதே மூன்றாவது மாதிரியின் வேலை.

மூன்றாவது மாதிரியில் கடிதங்கள் அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாடிக்குள் இருக்கும். ஜாடி, திருகு மூடியும் வாஷரும் உள்ள எஃகுப் பெட்டிக்குள் இருக்கும். எஃகிலும் ஜாதி உண்டு. சாதாரண எவர்சில்வரில் உப்புக் காற்று பட்டால் நாளடைவில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். மாலிப்டினம் கலந்த "316" ரக எஃகு இதைவிட நன்றாகத் தாங்கும். ஜாடிக்குள் நீர் உறிஞ்சும் "சிலிக்கா ஜெல்" பொட்டலம் ஒன்று. மாத்திரைப் புட்டியிலும் செருப்புப் பெட்டியிலும் வருகிறதே, அதுதான். மரப்பெட்டி வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கட்டும். மரம் விடும் புளிப்பு ஆவி தாளுக்கு ஆகாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டியை மூடக் கூடாது. உப்பு விளையும் கோடையில், கடற்காற்று ஏறுவதற்கு முன்னால், உச்சி வேளையில் மூட வேண்டும். பாத்தியில் உப்பு காயும் நாளே பெட்டி மூட நல்ல நாள்.

உப்பே சாட்சி

பெட்டி சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தொழிற்சாலைகளில் 5 சதவீத உப்பு நீரை, 35 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், நாள் கணக்கில் தூவிச் சோதிப்பார்கள். அனுமந்தையில் அந்த யந்திரம் எதற்கு? மொட்டை மாடியே போதும்.

வெறும் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் இல்லாமல், ஒரு சிறு கிண்ணத்தில் நன்றாக வறுத்த உப்புத் தூளைப் போட்டு மூட வேண்டும். ஒரு வாரம் வாளித் தண்ணீரில் கல்லைக் கட்டி அமிழ்த்த வேண்டும். பிறகு ஒரு மழைக்காலம் முழுதும் மாடியில் விட வேண்டும். திறக்கும்போது உப்பு பொலபொலவென்று உதிர்ந்தால் பெட்டி தேறியது. கட்டி தட்டியிருந்தால் வாஷரை மாற்றி மறுபடியும் தொடங்க வேண்டியதுதான். காகிதத்துக்கு எதிரியான உப்பே இங்கே சாட்சி சொல்ல வருகிறது! சோதனை முடிந்ததும் உப்பைத் துளிகூட விடாமல் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

போகியன்று ஒரு பார்வை

எவ்வளவு நல்ல வாஷரும் சிரஞ்சீவி அல்ல. ரப்பர் இறுகி வெடிக்கும். சிலிக்கோன் கூடுதலாகத் தாங்கும். அதுவும் ஒரு நாள் தளரும். பெட்டியைப் புதைத்துவிட்டால் வாஷரை யார் மாற்றுவது? ஆகையால் இந்தக் கரையில் எதையும் புதைக்கக் கூடாது. வெள்ளம் ஏறாத உயரத்தில், கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். திறக்க வேண்டிய ஆண்டையும் உரியவர் பெயரையும் வெளியே வெட்டி வைக்க வேண்டும். எழுதியவர்களின் பட்டியலை மூன்று, நான்கு வீடுகளில் கொடுத்து வைக்க வேண்டும்.

போகிப் பண்டிகையன்று பழையதைக் கழித்து வீட்டைச் சுத்தம் செய்வார்கள். பழைய கடிதங்களுக்கு ஆபத்தான நாள் அது! அன்றைக்கே பெட்டியை இறக்கித் துடைத்து, அது இன்னதென்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் அடுத்த போகி வரை கவலை இல்லை. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, கோடையில், கடிதத்தைப் பிரிக்காமல் வாஷரையும் பொட்டலத்தையும் மட்டும் மாற்றினால் போதும். அடுத்த ஐந்தாண்டுக்கு அந்த வேலை ஒரு பிள்ளையின் பொறுப்பு.

இவ்வளவு பாடுபட்டு எழுதி வைக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். மரக்காணம் பூமீசுவரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அரசர்களும் தானம் கொடுத்தவர்களும் கல்லில் நிற்கிறார்கள். அந்த நாளில் வெயிலில் நின்று உப்பு வாரிய தாய், தன் மகளுக்கு என்ன சொல்ல நினைத்தாள்? கடலுக்குப் போனவன் தன் மகனுக்கு எதைச் சொல்லாமல் விட்டான்? அதைச் சொல்லும் கல் இல்லை. செம்பும் சிற்பியும் அவர்களுக்கு எட்டாத பொருள்கள்.

இன்று அவர்களின் பேத்திகளுக்கு எழுத்து தெரியும். தாளும் பென்சிலும் ஒரு ஜாடியும் கைக்கு எட்டும். உப்புக் கூலி என்ன, புயலன்று எங்கே ஒதுங்கினோம், கிணற்று நீர் எப்படி இருந்தது, எந்த மீன் வந்தது, எது வராமல் போயிற்று, பிள்ளை என்ன படிக்க ஆசைப்பட்டான் — எழுதினால் இவையெல்லாம் நூறு ஆண்டு கழித்துச் சரித்திரம். எழுதாவிட்டால் காற்றோடு போச்சு!