பளபளப்புக்காக எடையை இழக்காதீர்கள்

சொந்த ஊரைவிட்டு நகரங்களில் குடியேறிய நம் குடும்பங்களில், பொன் பெரும்பாலும் அவசரக்காலச் சேமிப்பாகவே இருக்கிறது. அணிகிறவர்களானாலும், பெட்டியில் வைத்திருக்கிறவர்களானாலும், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அதை அடகு வைக்கும் நாளில் எடையைத்தான் பார்ப்பார்கள். ஆகவே நகையைச் சுத்தம் செய்யும்போது அதன் எடை குறையாதபடி கவனமாயிருப்பது அவசியம்.

22 காரட் நகையில் 91.6 சதவீதம் பொன். மீதி, செம்பும் வெள்ளியும் போன்ற உலோகங்கள். பொன் எளிதில் கறுப்பதில்லை. வியர்வை, எண்ணெய், சோப்பு, முகப்பவுடர் ஆகியவை படிவதால்தான் அது மங்கித் தோன்றுகிறது.

பொன் நகைக்கு

ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் துலக்கும் திரவ சோப்பைச் சில சொட்டுகள் கலந்து, கால் மணி நேரம் ஊறவையுங்கள். குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கியால் இலேசாகத் தேய்த்து, வேறொரு கிண்ணத்துக் குடிநீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஆழ்குழாய் நீர் வெண்படிவை விட்டுச்செல்லும். கைகழுவும் தொட்டியில் நேரடியாக அலசினால், சிறு திருகாணி நீரோடு போய்விடக்கூடும்.

தவிர்க்க வேண்டியவை

பற்பசை, சாம்பல், துலக்கும் பவுடர் ஆகியவை மென்மையான பொன்னைக் கீறித் தேய்த்துவிடும். பிளீச்சிங் பவுடர் நகையிலுள்ள பிற உலோகங்களை அரித்துப் பற்றுவைப்புகளைப் பலவீனமாக்கும். குளியலறை கழுவுமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். உடைந்த வெப்பமானியின் பாதரசம் பட்டால் பொன் வெளுத்துவிடும்.

முத்தையும் பவளத்தையும் எலுமிச்சைச் சாறும் வினிகரும் அரித்துவிடும். அவற்றை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். மரகதம் பதித்த நகையை வெந்நீரில் போடாதீர்கள். கவரிங் நகைகளை உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

வெள்ளிக்கு

வெள்ளியின் கறுப்பு, காற்றிலுள்ள கந்தக வாயுவோடு சேர்ந்த வெள்ளியே. அதைச் சுரண்டினால் வெள்ளியும் போகும். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் கல் பதிக்காத வெள்ளியை வைத்து, ஒரு கரண்டி சமையல் சோடாவும் வெந்நீரும் ஊற்றுங்கள். சில நிமிடங்களில் கந்தகம் அலுமினியத்துக்குச் சென்றுவிடும். வெள்ளி பொருளிலேயே தங்கும்.

வாசலில் வரும் ஆபத்து

அன்பான சகோதரிகளே, நகைக்கு மெருகு போடுவதாக வீடு தேடி வருகிறவர்களிடம் எச்சரிக்கையாயிருங்கள். முதலில் பித்தளை விளக்கையோ வெள்ளிக் கொலுசையோ இலவசமாகத் துலக்கி நம்பிக்கையைப் பெறுவார்கள். பின்பு சங்கிலியை வாங்கி ஒரு திரவத்தில் அமிழ்த்துவார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த இராஜ திராவகமாயிருந்தால், பொன் அதில் கரைந்துவிடும். நகை பளிச்சென்று திரும்பிவரும். ஆனால் கிராம் கணக்கில் எடை குறைந்திருக்கும். கரைந்த பொன்னை அவர்கள் பின்னர் பிரித்தெடுத்துக்கொள்வார்கள். மஞ்சள் நீரில் மூடிவைத்துச் சற்று நேரங்கழித்துத் திறக்கச் சொல்லி, நகையோடு மறைகிறவர்களும் உண்டு.

இத்தகையவர் வந்தால் கதவைத் திறக்காமலே அனுப்பிவிடுங்கள். வற்புறுத்தினால் 112 என்ற எண்ணை அழையுங்கள். பகலில் தனித்திருக்கும் முதியோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். கடையில் மெருகிட நேர்ந்தால், கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உங்கள் கண்முன் எடைபோடச் சொல்லுங்கள். ஒவ்வொரு நகையின் எடையையும் ஒரு குறிப்பேட்டில் இன்றே எழுதிவைப்பது நலம்.