பாஞ்சாலி கேட்டது பாகப்பிரிவினைக் கேள்வி

செஞ்சிக்கு வரும் சுற்றுலாப் பயணியிடம் சொல்லப்படும் பெண் ஒருத்தி. செஞ்சிச் சீமை கும்பிடும் பெண் வேறொருத்தி.

முதலாமவள் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனின் இளம் மனைவி. 1714-இல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி அவன் களத்தில் விழ, இவள் உடன்கட்டை ஏறினாள். ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் இவளால்தான் வந்தது என்பார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. இனி இந்தக் கதையைக் கேட்டுப் போகிறவர்கள் பெருகத்தான் செய்வார்கள்.

இரண்டாமவள் திரௌபதி. செஞ்சியை ஒட்டிய மேலச்சேரி கோயில்தான் திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கே தாய்க்கோயில் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. செஞ்சி அரசனுக்கு அரக்கனால் இடர் வந்தபோது அவனைக் காக்க இவள் மறுபடியும் தீயில் பிறந்து வந்தாள் என்று கதை சொல்வார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைடல் இந்த வழிபாட்டைப் பற்றி 1988-இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பிலேயே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று ஊர்ப் பெயரைப் போட்டார்.

எரிந்துபோனவளை மெச்சும் அதே ஊர், எழுந்து நின்று கேள்வி கேட்டவளைத் தெய்வமாக்கியும் வைத்திருக்கிறது. பெண்ணியம் வெளிநாட்டுச் சரக்கு என்று பேசுகிறவர்கள் ஒரு ராத்திரி இங்கே துகில் கூத்து பார்க்க வேண்டும்.

பாரதத் திருவிழா நடக்கும் ஊர்களில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. துகில் நடக்கும் இரவு சாதாரண இரவு அல்ல. துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி, அம்மனைக் கும்பிட்டு, பிழை பொறுக்கச் சொல்லி வேண்டிக்கொள்வார். பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் யாருக்காவது அருள் வந்துவிடும். திரௌபதி வேடத்தில் நிற்பவரும் வழிவழியாக ஆண்தான் என்பது வேறு விஷயம். அந்த நேரத்தில் ஊருக்கு அவர் அம்மன்.

அழுகையும் அருளும் சேர்ந்து அவள் கேட்ட கேள்வியை மறைத்துவிடுகின்றன என்பதுதான் என் ஆதங்கம். சூதில் தன்னையே தோற்று அடிமையாகிவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது பாத்தியதை? சபையில் அவள் கேட்டது இதுதான். தர்மம் நுட்பமானது என்று பீஷ்மர் நழுவினார். கௌரவர்களில் விகர்ணன் ஒருவன் அவள் பக்கம் பேசினான், அவனையும் அடக்கினார்கள். மானக் கதையாகவே இதைக் கேட்டுப் பழகிவிட்டோம். எனக்கு இது சொத்து வழக்காகவே படுகிறது. யார் உடைமை, யார் உடையவர், யார் எதை எழுதிக்கொடுக்கலாம் என்ற வழக்கு.

அந்த வழக்கு இன்றும் நடக்கிறது. நடக்கும் இடம் பத்திரப் பதிவு.

எந்த ஊரிலும் ஒரு முகூர்த்த நாளில் பதிவு அலுவலக வாசலில் போய் நில்லுங்கள். காரில் அக்காவும் தங்கையும் வந்து இறங்குவார்கள். விசேஷத்துக்குக் கட்டுகிற சேலை கட்டியிருப்பார்கள். பூர்வீகச் சொத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஆவண எழுத்தர் அடித்து வைத்திருக்கும் விடுதலைப் பத்திரத்தில் பக்கத்துக்குப் பக்கம் விரல் வைத்துக் காட்டுவார் அண்ணன்: “இங்க ஒண்ணு போடும்மா, இங்க ஒண்ணு.” உள்ளே போட்டோ, கைரேகை. “சம்மதந்தானேம்மா?” என்ற கேள்விக்கு ஒரு தலையாட்டல். வெளியே வந்தால் ஓட்டலில் சாப்பாடு, கையில் ஒரு சேலை, கொஞ்சம் பணம். எத்தனை காணி, எந்த சர்வே எண் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஏன் போட்டீர்கள் என்றால் பதில் தயாராக இருக்கும்: “பொறந்த வீட்டு வாசல மிதிக்க வேணாமா?”

ஆடிச் சீர், பொங்கல் சீர், பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி. இவையெல்லாம் அந்தக் கையெழுத்தை நம்பி நிற்கின்றன. கேட்டால் தங்கை பேராசைக்காரி, கேட்காவிட்டால் குலவிளக்கு.

பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929-இல், இங்கிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கும் செங்கற்பட்டில். தமிழ்நாட்டுச் சட்டம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று சொன்னது அறுபது ஆண்டு கழித்து, 1989-இல். அதுவும் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை என்று கதவைச் சாத்தியது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் கதவைத் திறந்தது. தகப்பன் அந்தத் திருத்தத்துக்கு முன்பே இறந்திருந்தாலும் பிறப்பாலேயே மகளுக்குப் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டத்தில் இத்தனை தூரம் வந்தாகிவிட்டது. ஒரு கையெழுத்தில் அத்தனையும் பின்னால் போய்விடுகிறது.

பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்வதும் கடனை அடைப்பதும் ஆண்பிள்ளைதான், நிலம் துண்டு துண்டானால் விவசாயமே நிற்காது என்று அண்ணன்மார் சொல்வதுண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ளும்போது மட்டும் நிலம் துண்டாவதில்லையா?

செஞ்சிச் சுற்றுவட்டாரத்தில் நாற்று நடுகிறவர்கள், களை எடுக்கிறவர்கள், மல்லாட்டை பிடுங்கி ஆய்கிறவர்கள் யார் என்று வரப்பில் நின்றாலே தெரியும். பட்டாவில் பெயர் இல்லாததால் ஏட்டில் இவர்கள் விவசாயிகள் இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நில உடைமையாளர்களில் பெண்கள் சுமார் 14 விழுக்காடுதான். மத்திய அரசு விவசாயிக்கு ஆண்டுக்குத் தரும் 6,000 ரூபாயும் பட்டா யார் பெயரிலோ அவரைத் தேடித்தான் போகிறது.

பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பொருளாதார அறிஞர் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் திருமணமான பெண்களிடம் ஆய்வு செய்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவரிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலம் மட்டும் உள்ளவர்களில் அது 18. வீடு உள்ளவர்களில் 10. இரண்டும் உள்ளவர்களில் 7. போக ஓர் இடம் இருக்கிறவள் மேல் கை ஓங்க யோசிக்கிறார்கள். மார்ச் 8 பட்டிமன்றங்களில் உடையைப் பற்றியும் செல்போனைப் பற்றியும் தொண்டை வறளப் பேசுகிறோம். இந்த நான்கு எண்களை மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்தது. 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகை என்று 2025 ஏப்ரல் முதல் நடைமுறையும் வந்திருக்கிறது. இரண்டும் நல்லவை. புதிதாக வாங்கும் மனைக்கு மனைவி பெயர் கிடைக்கும். பூர்வீக நிலத்துக்கு மகள் பெயர் கிடைக்க அண்ணன் மனம் வைக்க வேண்டும்.

அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கூத்தில் துகில் பார்த்துக் கண் கலங்குகிற நீங்கள், பத்திரத்தை அடிக்கக் கொடுப்பதற்கு முன் தங்கையை உட்காரவைத்து அவளுடைய பங்கு என்ன, அதன் மதிப்பு என்ன என்று சொல்லுங்கள். அதன் பிறகும் அவள் வேண்டாம் என்றால் அது அவள் முடிவு.

அக்கா தங்கைகளுக்கு: பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று போன் வந்தால், பத்திர நகலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். படித்த பிள்ளை ஒன்றை வைத்து முழுக்க வாசியுங்கள். வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தை ஏமாற்றி வாங்கியதாகச் சொல்லி ரத்து செய்ய வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அதற்குக் கெடு மூன்று ஆண்டுகள்.