மைக் பிடித்தவர் நாயகன் ஆனது எப்படி?

மரக்காணம் உப்பளத்தில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பாத்தியின் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். உவர்நீரில் ஊறிய பாதத்தில் வெடிப்பு எரியும். அதனால் இருட்டோடு வந்து உப்பை வாரி, வரப்போரம் குவித்து, கூடையில் சுமந்து கரையேற்றிவிட்டு உச்சிப்பொழுதுக்கு முன் வீடு திரும்பப் பார்ப்பார்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்திகள் தண்ணீருக்குள் போய்விடும். வெயில் திரும்பும்வரை உப்பு வேலை இருக்காது. விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கடலோரத்தில், அந்த மழைமாதங்களைத் தள்ளுவதற்கு உதவும் துணைகளில் ஒன்று, வீட்டு மூலையில் இருக்கும் டிவி.

அந்தப் பெட்டிக்குள்ளிருந்து நம்மைச் சிரிக்கவைத்த ஒருவர் இன்று தியேட்டர் வாசலில் கட்அவுட்டாக நிற்கிறார். அவர் சிவகார்த்திகேயன். சினிமாக் குடும்பத்தில் பிறக்காத ஒருவருக்கு இது எப்படி வாய்த்தது? அதிர்ஷ்டம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நடந்ததை வரிசையாகப் பார்த்தால் அங்கே ஒரு தொழிற்பயிற்சி தெரிகிறது.

எங்கிருந்து வந்தார்?

சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரியில் 1985-இல் பிறந்து, திருச்சியில் பொறியியல் படித்தவர். தந்தை சிறைத்துறை அதிகாரி. அவரை இளவயதிலேயே இழந்த மகனுக்குக் கல்லூரி மேடையும் மிமிக்ரியும் ஆறுதல் தந்தன. அங்கிருந்து விஜய் டிவியின் 'கலக்கப் போவது யாரு' போட்டிக்கு வந்து, பட்டம் வென்றார். பிறகு நடனப் போட்டி, விருது விழா மேடைகள் என்று நகர்ந்து, 'அது இது எது' நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஆனார்.

சினிமா 2012-இல்தான் வந்தது. பாண்டிராஜின் 'மெரினா'வில் நாயகன். அதே ஆண்டு '3' படத்தில் தனுஷின் நண்பன். 2013-இல் 'எதிர்நீச்சல்', 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்'. 2021-இல் 'டாக்டர்'. 2024 தீபாவளிக்கு 'அமரன்': காஷ்மீரில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வேடம். பிறர் குரலில் பேசிக் கைதட்டல் வாங்கிய பையன், ஒரு ராணுவ வீரனின் மௌனத்தை நடித்துக் காட்டும் இடத்துக்கு வந்து சேர பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

தொகுப்பாளர் கற்றுக்கொள்வது என்ன?

'அது இது எது'வின் சுற்றுகளையே எடுத்துக்கொள்வோம். 'மாத்தி யோசி'யில் தொகுப்பாளர் சரமாரியாகக் கேள்வி கேட்பார். கேள்விக்குத் தொடர்பில்லாத பதிலைத்தான் விருந்தினர் சொல்ல வேண்டும். யோசித்து நின்றால் ஆட்டம் போச்சு. ஆகவே கேட்பவருக்கும் மூச்சுவிட நேரமில்லை. வந்து விழுகிற பதிலைப் பிடித்து அதிலிருந்தே அடுத்த சிரிப்பை எடுக்க வேண்டும். 'சிரிச்சா போச்சு'வில் வேலை நேர் எதிரானது. அங்கே மேடை, நகைச்சுவைக் கலைஞர்களுடையது. தொகுப்பாளர் ஓரமாக நின்று, எங்கே நுழையலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று கணிக்க வேண்டும்.

டைமிங், எதிரில் இருப்பவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது, கேமராவை வீட்டு ஆள்போலப் பார்ப்பது ஆகிய மூன்றும் நடிப்பின் அடிப்படைப் பாடங்கள். வாரம் தவறாமல், ஆண்டுக்கணக்கில், சம்பளத்தோடு இதைக் கற்றுத்தரும் பள்ளி வேறெங்கே இருக்கிறது?

உப்பும் முதல் பாத்தியிலேயே விளைவதில்லை. ஏறத்தாழ 3 டிகிரி அடர்த்தியுள்ள கடல்நீர், பாத்திவிட்டுப் பாத்தி மாறி வெயிலில் சுண்டி, 25 டிகிரியைத் தொட்ட பிறகே உப்பாக உறையும். அதுவரை பார்க்கிறவருக்கு அது வெறும் தண்ணீர்தான். கல்லூரி மேடை, போட்டி மேடை, தொகுப்பாளர் மேடை என்று மாறி வந்த காலத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் காலம் ஏன் கைகொடுத்தது?

2006-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. அதுவரை பஞ்சாயத்து டிவி அறையில் நின்று பார்த்தவர்கள், சொந்த வீட்டில் பாய் விரித்துப் பார்த்தார்கள். விஜய் டிவியின் நகைச்சுவைப் போட்டிகள் சூடுபிடித்ததும் அதே ஆண்டுகளில்தான். சினிமாவில் ஒரு நடிகரை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பார்க்கலாம். தொகுப்பாளரோ வாராவாரம் வீட்டுக்கே வருகிறார். டிக்கெட் வாங்கும் முன்பே ரசிகர்கள் அவரை 'நம்ம பையன்' என்று சொல்லத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான்.

டிவி தொகுப்பாளர் இப்படி மக்களுக்கு நெருக்கமாவது இத்தாலியில் முன்பே நடந்திருக்கிறது. அங்கே அரசுத் தொலைக்காட்சியான ராய் 1954-இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே மைக் போன்ஜோர்னோ நடத்திய வினாடி வினா நிகழ்ச்சி நாட்டைக் கட்டிப்போட்டது. பெட்டி இல்லாதவர்கள் காபிக் கடைகளில் கூடினார்கள். கூட்டம் குறைந்ததைக் கண்ட சினிமா கொட்டகைகள், அந்த நேரத்தில் டிவியையே உள்ளே கொண்டுவந்து வைத்தன. 1956-இல் அந்த நிகழ்ச்சியை வைத்தே நகைச்சுவை நடிகர் தோத்தோவின் படம் ஒன்று வந்தது. போன்ஜோர்னோவும் அதில் தோன்றினார்.

இன்னும் யார் யார்?

'லொள்ளு சபா' சந்தானம் இந்த வழியில் முன்னே போனவர். ஐஸ்வர்யா ராஜேஷ் சன் டிவியில் நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொகுத்தவர். பிரியா பவானிசங்கர் புதிய தலைமுறையில் செய்தி வாசித்தவர். 'டாக்டர்' இயக்குநர் நெல்சனும் விஜய் டிவியில் வேலை பார்த்து வந்தவரே. சிவகார்த்திகேயன் தயாரித்த முதல் படமான 'கனா'வில் (2018) கிராமத்துக் கிரிக்கெட் வீராங்கனையாக நடித்தவர் ஐஸ்வர்யா ராஜேஷ். இயக்கியவர் சிவகார்த்திகேயனின் நண்பர் அருண்ராஜா காமராஜ். தான் ஏறிவந்த ஏணியை எடுத்துவிடாமல், அடுத்தவருக்காகவும் பிடித்துக்கொண்டது பாராட்டுக்குரியது.

இப்போது எதிர்த்திசையிலும் பயணம் நடக்கிறது. 2017 முதல் 'பிக் பாஸ்' தமிழை நடத்தியவர் கமல்ஹாசன்; 2024-இல் அந்த இடத்துக்கு விஜய் சேதுபதி வந்தார். சின்னத்திரை என்றால் சின்ன வேலை என்ற எண்ணம் உடைந்துவிட்டது.

எல்லோருக்கும் வாய்த்ததா?

இல்லை. 'சிரிச்சா போச்சு'வில் வடிவேல் பாலாஜி மேடையேறினால் சிரிக்காமல் இருந்தவர் குறைவு. அந்தத் திறமைக்கு ஈடான சினிமா அவருக்கு அமையவில்லை; 2020-இல், நாற்பதுகளிலேயே மறைந்துவிட்டார். மழைமாதத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அவர் தந்த சிரிப்பை, அவர் நடித்த படங்களின் எண்ணிக்கையை வைத்து அளக்க முடியாது. டிவியில் செய்த நல்ல வேலையும் முழுமையான வேலைதான். நாயகன் ஆனவரை மட்டும் கொண்டாடினால் பாதிக் கதையைத்தான் சொன்னவர்கள் ஆவோம்.

மரக்காணத்திலும் மற்ற ஊர்களிலும் பள்ளி ஆண்டு விழா வரும்போது, வாத்தியார் குரலில் பேசிக் காட்டும் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். அந்தப் பிள்ளையை அதட்டி உட்காரவைக்காதீர்கள். பத்து நிமிடம் மைக்கைக் கொடுங்கள்.