கலக்கிய பால் காத்திருக்காது!



தீவகத்தில் ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் பண்ணைப் பாலத்தின் வழியே தரைப்பாதை உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அது இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேற வேண்டும். நயினாதீவு கிட்டத்தான். நெடுந்தீவுக்கோ சுமார் 1 மணித்தியாலம் கடலில் போக வேண்டும்.

நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போகும் ஒரு தாயைச் சற்று நினைத்துப் பாருங்கள். காலையில் படகு, பிறகு பஸ், பிறகு கிளினிக் வரிசை. திரும்பும்போதும் அதே பஸ், அதே படகு. மடியில் 2 மாதக் குழந்தை. பையில் விடியற்காலையிலேயே கலக்கி வைத்த 3 போத்தல் பால். கடைசிப் போத்தலைக் குழந்தையின் வாயில் வைக்கும்போது, அந்தப் பால் வெயிலில் 7, 8 மணித்தியாலம் கிடந்திருக்கும்.

"பால் திரையவில்லை, புளித்த மணமும் இல்லை, கொடுத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. கிருமி பெருகிய பால் பார்வைக்கும் மணத்துக்கும் நல்ல பாலாகவே தோன்றலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தாய்ப்பாலுக்கு ஈடு கிடையாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பூரண பாலூட்டலுக்கு அல்குர்ஆன் சொல்லும் காலமும் 2 ஆண்டுகளே (2:233). பயணத்தில் தாய்ப்பாலுக்குப் போத்தலும் வேண்டாம், கேத்தலும் வேண்டாம். ஆனால் நோயாலோ, தாயை இழந்ததாலோ, வேறு தகுந்த காரணத்தாலோ மாப்பாலையே நம்பியிருக்கும் குழந்தைகளும் உண்டு. அந்தத் தாய்மாரைக் குறை சொல்வதால் குழந்தைக்குப் பயனில்லை. சரியான முறையைச் சொல்லிக் கொடுப்பதே உதவி.

மாவுக்குள்ளேயே கிருமியா?

ஆம். குழந்தைப் பால்மா கிருமி முற்றாக நீக்கப்பட்ட பொருள் அல்ல. குரோனோபாக்டர், சல்மொனெல்லா போன்ற கிருமிகள் அருமையாக அதில் இருந்துவிடலாம். 2001இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஆசுபத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒரு சிசு மூளைக்காய்ச்சலால் இறந்தது. ஆராய்ந்தபோது, அதே தொகுதியைச் சேர்ந்த திறக்காத மாத் தகரத்திலும் அக்கிருமி காணப்பட்டது. 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குமே இதனால் கூடுதல் ஆபத்து.

உலர்ந்த மாவில் கிருமி பெருகாது, காத்துக் கிடக்கும். தண்ணீரும் இளஞ்சூடும் கிடைத்ததும் பெருகத் தொடங்கும். ஆகவே 2007இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில், 70 பாகை செல்சியசுக்குக் குறையாத சூடான நீரில் மாவைக் கலக்கச் சொன்னார்கள். நீரைக் கொதிக்க வைத்து, மூடி, அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆறவிடாமல் கலக்கினால் அந்தச் சூடு இருக்கும். பின்பு போத்தலைக் குளிர்ந்த நீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

நேரக் கணக்கு

1. கலக்கிய பாலை வெளியில் வைத்தால் 2 மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பிந்தினால் ஊற்றிவிடுங்கள்.

2. குழந்தை குடித்து மிஞ்சிய பாலை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது. வாய்பட்ட பாலில் கிருமி விரைவாகப் பெருகும்.

3. முன்கூட்டியே செய்துதான் ஆக வேண்டுமென்றால், கலக்கிய உடனே ஆற்றி, 5 பாகைக்கு மேற்படாத பிரிட்ஜில் வையுங்கள். 24 மணித்தியாலமே எல்லை. மின்சாரம் நெடுநேரம் நின்றிருந்தால் அந்தப் பாலை நம்ப வேண்டாம்.

4. பிரிட்ஜில் இருந்து எடுத்த பாலைச் சுடுநீரில் வைத்துச் சூடாக்குவது 15 நிமிடத்துக்கு மேற்பட வேண்டாம்.

படகுப் பயணத்துக்கு வழி

பாலைக் கொண்டு போகாதீர்கள். பாலுக்கு வேண்டியதைத் தனித்தனியே கொண்டு போங்கள். அவித்துச் சுத்தமாக்கி மூடிய வெறும் போத்தல்கள், ஒவ்வொரு வேளைக்கும் அளந்து சுத்தமான டப்பாக்களில் இட்ட மா, நல்ல பிளாஸ்க் நிறையக் கொதித்த நீர் என்பனவே போதும். நிரம்ப ஊற்றி இறுக மூடிய பிளாஸ்க்கில் வேண்டிய சூடு சில மணித்தியாலம் நிற்கும். குழந்தைக்குப் பசி வரும்போது கலக்குங்கள். திரும்பும் வேளைக்குப் பிளாஸ்க்கில் புதிதாகக் கொதித்த நீர் நிரப்பிக் கொள்ளுங்கள்.

இன்னொரு கவனம். போத்தலையும் சூப்பியையும் பிரஷ் போட்டுச் சவர்க்காரத்தால் கழுவி, நீரில் முழுதாக அமிழ்த்திக் கொதிக்க வைத்த பின், "எதற்கும் ஒருமுறை" என்று கிணற்றுத் தண்ணீரில் அலசுவோர் உண்டு. அவித்ததன் பயன் அத்துடன் போய்விடும்.

தீவுத் தண்ணீர்

நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகள் நன்னீருக்குப் பேர் போனவை. ஆனால் தீவகத்தின் கிணறுகள் பல உவர்நீர்க் கிணறுகளே. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. நீர் வற்ற வற்ற உப்புக் கூடவே செய்யும். சிசுவின் பிஞ்சுச் சிறுநீரகம் அந்தச் சுமையைத் தாங்காது. உரத்தாலும் மலக்குழிக் கசிவாலும் யாழ்ப்பாணக் கிணறுகள் சிலவற்றில் சேரும் நைத்திரேற்றும் அப்படியே. கொதிக்க வைப்பதால் அது நீங்காது. அது மிகுந்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் குழந்தையின் உடல் நீலம் பாயும். ஆகவே பாலுக்கு என்று நன்னீரையோ சுத்திகரித்த நீரையோ தனியே எடுத்து வையுங்கள். அதையும் கொதிக்க வைத்தே பாவியுங்கள். கிணற்றைப் பற்றிய ஐயத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம்.

2022 நெருக்கடியில் பால்மா தட்டுப்பட்டு விலையும் ஏறியதை நாம் மறக்கவில்லை. மாவைக் குறைத்து நீரைக் கூட்டினால் வயிறு நிறையும், உடல் வளராது. மாவைக் கூட்டினாலும் கேடுதான். தகரத்தோடு வந்த கரண்டியால், தட்டி அமுக்காமல், மட்டமாக அளவுங்கள். தேநீருக்குப் போடும் சாதாரணப் பால்மா 1 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உரியதல்ல.

பால் குடிக்க மறுத்தல், காய்ச்சல், வழக்கத்துக்கு மாறான மயக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் "நாளைய படகில் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

ஒரு போத்தல் பாலை ஊற்றிவிடும்போது மனம் பதறத்தான் செய்யும். வீண்விரயம் கூடாது என்று கற்றவர்கள் அல்லவா நாம்! ஆனால் கெட்ட பாலை ஊற்றுவது விரயமல்ல. வேளைக்கு வேளை, குழந்தை குடிக்கும் அளவு மட்டும் கலக்குங்கள். விரயமும் இராது, நோயும் அண்டாது, இன்ஷா அல்லாஹ்.