கணுக்காற் சுளுக்கு

நம் கல்லூரி மைதானத்தில் மாலைதோறும் பந்தாடுவோருள் ஒருமுறையேனும் கால் பிசகி விழாதார் அரியர். விழுந்தவர் நொண்டி நொண்டி விடுதி சேர்வர், கணுக்கால் வீங்கும், பத்து நாளில் வீக்கம் வற்றும், நோவும் தணியும். "சுளுக்குத்தானே, போயிற்று" என்று மீண்டும் ஆட வருவர். சின்னாளில் அதே கால் மறுபடியும் மடங்கும். இக்கட்டுரையாளனும் அங்ஙனம் மும்முறை விழுந்தவனே. ஒருமுறை சுளுக்கிய கால் பன்முறை சுளுக்குவது ஏன்? அதற்கு விடை, மூட்டைப் பிணைக்கும் நார்களின் இயல்பில் உள்ளது.

முழங்காலுக்குக் கீழுள்ள ஈரெலும்புகளும் அடியிற் கூடி ஒரு கவைபோல் அமைந்துள்ளன. அக்கவையினுள் பாதத்தின் மேலெலும்பு பொருந்தி நிற்கின்றது. அது முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் இருப்பது. பாதத்தை மேல்நோக்கி மடக்குங்கால் அகன்ற பாகம் கவையினுள் இறுகி, மூட்டு உறுதிபெறும். குதித்து இறங்கும்போதோ பாதத்தின் நுனி தாழ, குறுகிய பாகம் கவைக்குள் வந்து மூட்டு நெகிழும். அந்நிலையில் அதனைக் காப்பன பெரும்பாலும் நார்களே.

உட்புறத்து நார் விசிறிபோல் விரிந்து தடித்தது. வெளிப்புறத்து நார்கள் மூன்று. அவற்றுள் முன்னுள்ளது மெலிந்தது. 1985-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், அதனை அறுக்க ஏறக்குறைய 14 கிலோகிராம் எடையின் இழுப்பே போதியதாயிற்று. உட்புற நாருக்கோ 70 கிலோகிராமிற்கு மேல் வேண்டியிருந்தது. நுனி தாழ்ந்த பாதம் உட்புறமாய்ப் புரளுகையில் முதலில் இழுபடுவது இம்மெலிந்த நாரே. ஆதலின் சுளுக்குகளுட் பெரும்பாலான இதனிடத்தே நேர்கின்றன.

இந்நார் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆயது. ஓய்ந்திருக்கையில் இழைகள் அலையலையாய்ச் சுருண்டிருக்கும். சிறிது இழுத்தால் அலைகள் நிமிரும். விட்டால் பழைய நிலையை அடையும். எல்லை கடந்து இழுத்தாலோ இழைகள் அறுபடும். அறுந்த இடத்தில் முதற் சில நாள் குருதி கசிந்து வீங்கும். பின் சில வாரங்களில் மெல்லிய புதிய இழைகள் ஒழுங்கின்றித் தோன்றும். அவை இழுப்பின் திசையில் ஒழுங்குபட்டு வலுப்பெறப் பல மாதங்கள், ஒரோவழி ஓராண்டிற்கு மேலும் செல்லும். நார் நீண்டபடியே ஆறிவிடின் மூட்டுத் தளர்ந்தே நிற்கும். நோவு தணிவதோ வாரக்கணக்கில். நார் தேறுவதோ மாதக்கணக்கில். இவ்விடைவெளியே ஆட்டக்காரரை ஏமாற்றுவது.

பிறிதொரு காரணமும் உண்டு. பாதம் எந்நிலையில் இருக்கின்றது என்பதை மூளைக்கு உணர்த்தும் நரம்பு நுனிகள் நார்களிலும் மூட்டுறையிலும் உள்ளன. சுளுக்கில் அவையும் பழுதுறுதல் கூடுமென்றும், அதனாற் கால் நிலைதவறுகின்றதென்றும் இங்கிலாந்து தேசத்து பிரீமன் என்னும் வைத்தியரும் அவர் துணைவரும் 1965-இல் விளக்கினர். ஆடும் பலகைமேல் நின்று நிலைகொள்ளப் பயிற்றின் இக்குறை குறையும் என்பதும் அவர் கண்டதே.

இனிச் செய்யத்தக்கன யாவை? அடிபட்டவர் நாலடி நடக்க இயலாராயினும், கணுக்காலின் இருபுறத்துப் புடைப்பெலும்புகளை அழுத்த நொந்தாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தல் வேண்டும்; இது கனடா தேசத்து ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992-இல் வகுத்த விதியைத் தழுவியது. முதற் சில நாள் காலைக் கட்டி உயர்த்தி வைத்தல் நலம். எண்ணெயிட்டு வலிந்து நீவுதல் அப்போது ஆகாது. குருதிக் கசிவு மிகும். எனினும் நெடுநாள் அசையாது கிடத்தலும் தவறு. நோவாத அளவில் மெல்ல நடப்பதே புதிய இழைகளை ஒழுங்குபடுத்தும். பின்னர் நாடோறும் ஒற்றைக்காலில் நின்று பழகுக.

மீண்டும் ஆடத் துணியுமுன் அருகில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, கண்மூடி, பழுதுற்ற காலில் தனித்து நின்று பார்க்க. மற்றைக் காலில் நிற்குமளவு நிற்க இயலாதாயின், நோவு நீங்கியதே அன்றிக் கால் தேறவில்லை என்க. அதுகாறும் ஆட்டத்தைப் பார்த்திருப்பது இழிவன்று.