ஆர். கே. சண்முகம் செட்டியார்

ஆர். கே. சண்முகம் செட்டியார் (அக்டோபர் 17, 1892 - மே 5, 1953) விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் ஆவார். கோயம்புத்தூரில் பிறந்த இவர் சென்னையில் சட்டம் பயின்றார். 1933 இல் மத்திய சட்டமன்றத்தின் தலைவரானார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு வேட்பாளரிடம் தோல்வியுற்றார். 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாகப் பணியாற்றினார். உலக வங்கி உருவாக வழிவகுத்த 1944 ஆம் ஆண்டின் பிரெட்டன் வூட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழுவில் இடம்பெற்றார்.

காங்கிரசை எதிர்த்துத் தேர்தலில் நின்ற இவரிடமே 1947 இல் நேருவின் அமைச்சரவை நிதித் துறையை ஒப்படைத்தது. நவம்பர் 26, 1947 அன்று இவர் முன்வைத்த முதல் வரவு செலவுத் திட்டம் ஏழரை மாதங்களுக்கு மட்டுமே உரியது. எதிர்பார்த்த வருவாய் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய். பிரிவினையின் நெருக்கடியில், செலவில் ஏறத்தாழப் பாதி, அதாவது 92.74 கோடி ரூபாய், பாதுகாப்புக்கே ஒதுக்கப்பட்டது.

இவரது பதவிக்காலம் ஓராண்டே நீடித்தது. வருமான வரி ஏய்ப்பு தொடர்பாக விசாரிக்கப்பட வேண்டியோர் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டது சர்ச்சையானதை அடுத்து, ஆகஸ்ட் 1948 இல் பதவி விலகினார். பின்னர் ஜான் மத்தாய் நிதி அமைச்சரானார். 1952 இல் சண்முகம் செட்டியார் சுயேச்சையாகப் போட்டியிட்டுச் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தமிழிசை இயக்கத்துக்குத் துணைநின்ற இவர், சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரையும் எழுதியுள்ளார்.