பாஸ் கிதார்: கொள்வாரும் விற்பாரும் அறியவேண்டுவன

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று இசைக்கருவிகளைப் பகுத்துரைத்தல் நம் முன்னோர் மரபு. அவற்றுள் நரம்புக்கருவியே தேர்தற்கும் பேணுதற்கும் மிக்க நுண்ணறிவை வேண்டுவது. சீவக சிந்தாமணியிலே, காந்தருவதத்தையோடு இசையில் வெல்ல வந்த சீவகன், தன்பால் தரப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக நோக்கி, நீரில் நின்று இளகிய மரத்தால் ஆயது இது, இடி வீழ்ந்த மரத்தால் ஆயது இது எனக் குற்றங்கூறி விலக்குதலையும், நரம்பினுள் மயிர் புகுந்திருத்தலை எடுத்துக் காட்டுதலையும் தமிழ் கற்பார் நன்கறிவர். திருத்தக்கதேவர் காட்டும் இவ்வாராய்ச்சி அரசகுமாரர்க்கு மட்டும் உரியதன்று. பழைய பாஸ் கிதார் ஒன்றை விலைக்கு வாங்கப் புகும் இக்காலத்து மாணவனுக்கும் உரியதே.

பாஸ் கிதார் என்பது மந்தரத் தாயியில் ஒலிக்கும் நாலு தந்திக் கிதார். அதன் தந்திகள் தடித்ததிலிருந்து முறையே நொடிக்கு ஏறக்குறைய 41, 55, 73, 98 அதிர்வுகள் உடையன. ஒவ்வொன்றும் தனக்கு முன்னையதற்கு நான்காம் சுரமாய் நிற்கும். மேருவுக்கும் குதிரைக்கும் இடையே தந்தியின் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம். பாட்டின் இராகத்தையும் தாளத்தையும் பிணைக்கும் கயிறு இதுவே. இது நின்றுவிட்டால் கேட்போர்க்கு என்ன குறைந்தது என்று சொல்லத் தெரியாது. ஏதோ குறைந்தது என்று மட்டும் தெரியும்.

இக்கருவியின் வரலாறு நெடியதன்று. 1930-க்குப் பின்வந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பால் டுட்மார்க் என்பார் மெட்டுகளோடு கூடிய மின்சாரப் பாஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951-இல் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பாஸ் என்பதே உலகெங்கும் பரவிற்று. பிரிசிஷன் என்றால் துல்லியம். அதற்கு முன் வழங்கிய ஆளுயரப் பெருவயலினுக்கு மெட்டுகள் இன்மையால் சுரத்தானம் வாசிப்பவன் விரலையே சார்ந்து நின்றது. மெட்டுகள் வந்தபின் சுரம் தவறாது ஒலித்தமையால் அப்பெயர் எய்திற்று. நம் நாட்டில் இதன் ஓசையை இல்லந்தோறும் சேர்த்தது திரைப்பட இசையே. 1976-இல் அன்னக்கிளி வாயிலாகத் தோன்றிய இளையராஜாவின் பாடல்களில் பாஸ் துணையாக மட்டும் நில்லாமல் தானே ஒரு பாட்டாக நடப்பதைச் செவியுள்ளோர் உணர்வர்.

செங்கற்பட்டு, கருங்குழி, மதுராந்தகம் முதலிய ஊர்களிலே பொழுதுபோக்காக இசை பயிலும் இளைஞர் புதிய கருவி வேண்டின் இரயிலேறிச் சென்னைக்குச் செல்லுதல் இயல்பு. அங்கே 1842-இல் தொடங்கப்பெற்ற மியூசி மியூசிகல் போன்ற பழமையான கடைகளும் பிற கடைகளும் உள. ஆயினும் மாணவரிற் பலர்க்கும் சிற்றூர்ப் பாடற்குழுவினர்க்கும் கைகூடுவது பிறர் வாசித்த பழங்கருவியே. பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள் ஒருநாளில் கைமாறுகின்றது. ஆகலின் வாங்குவோன் விழிப்போடிருத்தல் தன் கடன் மட்டுமன்று; தன்னை நம்பிப் பொருள் தந்தோர்க்குச் செய்யும் கடனுமாகும்.

வாங்குங்கால் நோக்கவேண்டுவன யாவை? முதலாவது தண்டி. கருவியைத் தோளின்மேல் துப்பாக்கிபோல் ஏந்தி, தண்டியின் ஓரத்தின் வழியே ஒரு கண்ணால் நோக்குக. சிறிய வளைவு குற்றமன்று. பாய் முறுக்கினாற்போல ஒருபக்கம் திருகியிருத்தலே தீராக் குற்றம். இரண்டாவது மெட்டுகள். தந்தி பட்டுப் பள்ளம் விழுந்த மெட்டுகளைத் தேய்த்துச் சமன்செய்யலாம், அல்லது மாற்றலாம்; அச்செலவை விலையிற் கழித்துக் கேட்டல் நியாயம். மூன்றாவது பிருடைகள், திருகும்போது வழுக்குவன ஆகா. நான்காவது மின்பகுதி. குமிழ்களைத் திருப்புங்கால் கரகரவென்றால் பெரும்பாலும் தூசியே காரணம். சில கருவிகளினுள்ளே 9 வோல்ட்டு மின்கலம் உண்டு. அது தளர்ந்தால் ஓசை சிதைந்து கேட்கும். அதனைக் கருவியின் குற்றமெனக் கொள்ளற்க. ஐந்தாவது, தலைப்பகுதியிற் பொறித்த பெயர். பெயரை ஒட்டுதல் எளிது. ஆதலால் பெயருக்கு விலை தராமல், மரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் ஓசைக்கும் விலை தருக. கைபேசியில் அனுப்பிய படத்தையும் ஓசையையும் மட்டும் நம்பி முன்பணம் அனுப்புதல் கூடாது. நொடிக்கு 41 அதிர்வுடைய மந்தரத்தை அச்சிறு பொறி உள்ளபடி ஒலிக்கமாட்டாது.

நற்கருவியும் செப்பஞ்செய்யாவிடின் பயன்படாது. செப்பஞ்செய்தற்கு ஒரு முறையுண்டு. முறை மாறின் செய்தவை யாவும் மீண்டும் செய்ய நேரும்.

முதற்கண் புதிய தந்திகளைப் பூட்டிச் சுருதி கூட்டுக. நாலு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை ஏறக்குறைய 80 கிலோ எடைக்கு ஒப்பாகும். சுருதி கூட்டாத கருவியைச் செப்பஞ்செய்தல் பாரம் ஏற்றாத வண்டியின் அச்சைச் சோதித்தல் போலும்.

அடுத்துத் தண்டியின் வளைவு. தடித்த தந்தியை முதல் மெட்டில் ஒரு கையாலும், தண்டி உடலோடு சேருமிடத்தில் மறு கையாலும் அழுத்துக. நடுவில், ஏழாம் எட்டாம் மெட்டுகளின்மேல், தந்திக்கும் மெட்டுக்கும் இடையே பெயரட்டை ஒன்றின் கனம், அதாவது 0.3 மில்லிமீட்டர் அளவு, இடைவெளி இருத்தல் நன்று. இடைவெளி மிகுந்தால் தண்டியினுள் ஓடும் இரும்புக் கம்பியின் ஆணியை வலப்புறமாக முறுக்குக. இடைவெளியே இல்லையாயின் இடப்புறமாகத் தளர்த்துக. ஒருமுறைக்குக் கால்சுற்றே போதும். பின் மீண்டும் சுருதி கூட்டிப் பார்க்க. திரும்ப மறுக்கும் ஆணியை வலிந்து முறுக்கற்க. உள்ளே கம்பி அறுந்தால் தண்டியே பாழாகும்.

மூன்றாவது தந்தியின் உயரம். பன்னிரண்டாம் மெட்டின்மேல் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் உயரம் பயில்வோர்க்கு ஏற்றது. மிகத் தாழ்ந்தால் தந்தி மெட்டுகளில் மோதி இரையும். மிக உயர்ந்தால் விரல் நோகும், பயிற்சியும் நிற்கும்.

நான்காவது சுரத்தானம். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவிடம். அங்கே தந்தியை மெல்லத் தொட்டெழுப்பும் ஓசையும், அழுத்தி வாசிக்கும் ஓசையும் ஒன்றாதல் வேண்டும். அழுத்திய சுரம் உயர்ந்திருப்பின், குதிரையில் அத்தந்திக்குரிய துண்டைப் பின்னே தள்ளித் தந்தியை நீட்டுக. தாழ்ந்திருப்பின் முன்னே கொணர்க. வளைவு மாறின் உயரம் மாறும். உயரம் மாறின் சுரத்தானம் மாறும். ஆதலினாலேயே இம்முறை வைக்கப்பட்டது. இறுதியாகத் தந்தியின் கீழுள்ள காந்தச்சுருளை நோக்குக. அது மிக அணுகியிருந்தால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைத் தள்ளாடச் செய்யும்.

இவற்றை ஒருமுறை செய்து மறந்துவிடுதல் நம் நாட்டில் இயலாது. மரம் ஈரத்தில் பருக்கும்; வெயிலில் சுருங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் செம்மையாய் நின்ற தண்டி, அக்கினி நட்சத்திரத்தில் அவ்வாறு நில்லாது. மாமல்லபுரம் முதலிய கடற்கரையூர்களிலோ உப்புக்காற்றுத் தந்தியையும் குதிரையின் திருகாணிகளையும் துருவேற்றும். வாசித்தவுடன் உலர்ந்த துணியால் துடைத்து உறையிலிடுதல் செலவில்லாத மருந்து.

ஒலிபெருக்கி பற்றி ஒன்று கூறவேண்டும். சாதாரணக் கிதாருக்குரிய சிறு பெட்டியில் பாஸை உரக்க வாசித்தால் அதன் கூம்பு சிதைதல் கூடும். அதனினும் முக்கியமானது, மின்செருகியின் மூன்றாம் முள். சுவரில் இரண்டு துளையே உளவென்று அம்முள்ளை ஒடித்துவிடுவாரும் உளர். அஃது உயிரோடு விளையாடுதல். கருவியின் தந்திகள் பெட்டியின் உலோகப் பகுதியோடு இணைந்தவை. பெட்டியில் மின்கசிவு நேர்ந்து நிலத்தொடர்பும் இல்லையாயின், தந்தியில் விரலும் மைக்கில் உதடும் பட்ட பொழுதே மின்சாரம் உடலின் வழியே பாயும். திருவிழாப் பந்தலிலும் ஆலய முற்றத்திலும் மழை ஈரத்தில் வாசிப்போர் இதனை ஒருபோதும் மறத்தலாகாது. நிலத்தொடர்பு உண்டா என்று மின்பணியாளரைக் கொண்டு அறிந்தபின்னரே வாசிக்கத் தொடங்குக.

இனி விற்போர்க்கு ஒரு சொல். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வாணிகம் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. தண்டி திருகியதை மறைத்துப் புதுத்தந்தி பூட்டிப் பளபளப்பாக்கி விற்பவன் பெறும் இலாபம் சிறிது. அதனை வாங்கிய இளைஞனோ, விரல் நோவையும் இரைச்சலையும் தன் திறமைக்குறைவென்றெண்ணி இசையையே கைவிடுதல் கூடும். அவ்விழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? குற்றம் உள்ளதை உள்ளவாறு சொல்லி, அதற்கேற்ப விலை குறைத்து, வாங்குவோன் முன்னிலையிலேயே சுருதி கூட்டி வாசித்துக் காட்டி விற்பவன், ஒரு கருவியோடு ஓர் இசைஞனையும் ஊருக்குத் தந்தவனாவான்.